அண்ணனுக்கு இதயத் தசை பலவீனம், ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை. காரணத்தை எங்கிருந்து தேடுவது?

தங்கச்சிமடம் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணனுக்கு வயது 39, ராமேஸ்வரம் துறையில் விசைப்படகு ஓட்டுகிறார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் பாதியில் கடலுக்குப் போனதிலிருந்தே மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கரையில் உட்கார்ந்ததில் உடம்பு கனத்துவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். அப்புறம் ராத்திரி படுத்தால் இருமல், எழுந்து உட்கார்ந்தால் நின்றுவிடும். கால் பொதபொதவென்று வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

எக்கோவில் ஈ.எஃப். 28 என்று வந்தது. மதுரையில் ஒரு இடத்தில் ஆஞ்சியோ எடுத்தார்கள், ரத்தக்குழாய் எல்லாம் சுத்தம். டிஸ்சார்ஜ் சீட்டில் டி.சி.எம். என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காரணம் என்ன என்று கேட்டதற்கு, "சிலருக்கு இப்படி வரும்" என்றார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் "குடிச்சே கெடுத்துக்கிட்டான்" என்று ஒரே பேச்சு, மதினி அதைக் கேட்டுக் கேட்டு அழுகிறார்கள். அண்ணன் குடிப்பார்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் தினமும் குடிக்கிற ஆள் கிடையாது. படகு எஞ்சின் இழுக்கவில்லை என்றால் டீசல் பில்டரா, பம்பா, இன்ஜெக்டரா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறோம், மனுஷனுக்கு மட்டும் "இப்படி வரும்" என்று விட்டுவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு அக்கா:

தம்பி, இதய வார்டில் ரொம்ப வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் அந்த 28-ஐப் பார்த்து யாரும் பயந்துபோக வேண்டாம். இதயத்தில் 28 பங்குதான் மிச்சம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் இருக்கிற ரத்தத்தில் எவ்வளவு வெளியே போகிறது என்ற கணக்கு அது. நல்ல இதயமே 55 முதல் 70 வரைதான் தள்ளும். 28 குறைவுதான், ஆனால் 28-ல் வந்து 50-க்கு ஏறிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டி.சி.எம். என்பது இதயம் விரிந்து தளர்ந்துபோயிருக்கிறது என்று சொல்கிற பெயர். ஏன் தளர்ந்தது என்பதை அது சொல்லவில்லை. நம் ஆட்களுக்கு அடைப்பு அதிகம் என்பதால் அதை முதலில் பார்க்கிறார்கள், அது சரிதான். அடைப்பு இல்லை என்று தெரிந்தால் ஒரு பெரிய காரணம் கழிந்தது, அவ்வளவுதான். தேடல் உண்மையில் அங்கேதான் தொடங்க வேண்டும், நிறைய இடங்களில் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

இதையெல்லாம் வீட்டில் கேட்டு எழுதுங்கள். முதல் நாள் சேர்த்தபோது நாடித்துடிப்பு எவ்வளவு? மூச்சு வாங்குவதற்கு முந்தின வாரங்களில் காய்ச்சல், சளி, உடம்புவலி ஏதாவது வந்ததா? தைராய்டு பார்த்தார்களா? பிரஷர் ரொம்ப நாளாக இருந்து கவனிக்காமல் விட்டாரா? எப்போதாவது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியது உண்டா? குறட்டை பெரிதாக விடுவாரா? எல்லாவற்றையும் விட முக்கியம், அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர், மயங்கி விழுந்தவர், நெஞ்சில் பேஸ்மேக்கர் பெட்டி வைத்தவர் யாராவது உண்டா? ஆண்களிடம் கேட்காதீர்கள், "அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்பார்கள். வீட்டில் மூத்த பெண் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

கீழக்கரையான்:

எங்கள் வாப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம். துபாயில் இருக்கும்போதே உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது, கை நடுக்கம், வியர்வை. சுகர் என்று நினைத்துச் சோற்றைக் குறைத்தார். ஊருக்கு வந்தபோது நாலு எட்டு நடந்தால் மூச்சு. எக்கோவில் 30. ஆஞ்சியோவில் ஒன்றும் இல்லை. உம்மா நேர்ச்சை எல்லாம் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு டாக்டர் பழைய இ.சி.ஜி.யை எடுத்துப் பார்த்து, துடிப்பு 150-க்கு மேல் தாறுமாறாக ஓடியிருக்கிறது, இது எத்தனை மாதமாக ஓடுகிறதோ தெரியவில்லை, முதலில் தைராய்டு பார்ப்போம் என்றார். பார்த்தால் தைராய்டு எக்கச்சக்கமாகச் சுரந்திருக்கிறது. அதனால் இதயம் ஓயாமல் வேகமாக ஓடி ஓடி, தசையே களைத்துப்போய்விட்டது. தைராய்டுக்கு கார்பிமசோல், துடிப்பைக் குறைக்க ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. சில மாதம் கழித்து எக்கோவில் 50-க்கு மேல். இப்போது கடைத்தெருவுக்கு நடந்தே போய் வருகிறார். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டியது அது.

தொண்டிக் கரை:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் அம்மாவுக்கும் இதே பலவீனம்தான். காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எல்லோருக்கும் அதே நாலு மாத்திரைதான் கொடுக்கிறார்கள். எம்.ஆர்.ஐ., ஜீன் டெஸ்ட் என்று அலைந்தால் கடன்தான் மிஞ்சும். படகில் கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு அந்தப் பணம் ஆறு மாத மருந்துச் செலவு. மருந்தை ஒழுங்காகப் போடுவதே பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

இதயப் பிரிவு மாணவன்:

தொண்டிக்காரர் சொல்வதில் பாதி நூற்றுக்கு நூறு உண்மை. சாகுபிட்ரில்-வல்சார்டன் அல்லது அதன் இனத்தில் ஒன்று, மெட்டோப்ரோலால் போன்ற ஒன்று, ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின், இந்த நாலும்தான் அடிப்படை. காரணம் தெரியும்வரை காத்திருக்காமல் இவற்றைத் தொடங்க வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மருந்துக்குத்தான் முதலிடம்.

ஆனால் மீதிப் பாதியில் எனக்கு ஒப்புதல் இல்லை. கீழக்கரை வாப்பாவுக்கு நாலு மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் தேறியிருக்க மாட்டார். இதயம் இடையிடையே தப்புத் துடிப்பு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு நாளில் மொத்தத் துடிப்பில் பத்தில் ஒன்றுக்கு மேல் அப்படி இருந்தால் அதுவே தசையைத் தளர்த்திவிடலாம். 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்கிற ஹோல்டர் என்ற சின்னக் கருவியை மாட்டினால் தெரியும், தப்புத் துடிப்பு கிளம்புகிற இடத்தைச் சுட்டுச் சரிசெய்யலாம். உடம்பில் இரும்பு தேங்கினால் அதை இறக்க வழி உண்டு, ஃபெரிட்டின் பரிசோதனை அதற்குத்தான். சார்காய்டோசிஸ் என்று ஒன்று, நெஞ்சுக்குள் நெறிகட்டும், நம் ஊரில் காசநோயும் அதே போலக் காட்டும். ஒன்றுக்கு ஸ்டீராய்டு, இன்னொன்றுக்குக் காசநோய் மருந்து, மாறிப்போனால் ஆபத்து. வைட்டமின் பி1, கால்சியம் குறைந்து இதயம் தளர்வதும் உண்டு, ஆகச் சுலபமாகச் சரிசெய்யக்கூடியவை இவை.

இதில் முக்கால்வாசிக்குத் தேவைப்படுவது பணம் இல்லை, பொறுமையாகக் கேட்கிற கேள்வியும் சாதாரண ரத்தப் பரிசோதனையும்தான். இ.சி.ஜி., தைராய்டு, சுகர், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ஃபெரிட்டின், கால்சியம், எச்.ஐ.வி. இவை முடிந்த பிறகுதான் எம்.ஆர்.ஐ. பற்றிப் பேச்சே. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. எந்தப் பரிசோதனை அதில் வரும் என்பதை ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சின்னப்பாலம் அக்கா:

ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னோடு பாசி எடுக்க வருகிற பெண்ணின் மகளுக்குப் பிள்ளை பெற்ற மூன்றாவது வாரத்தில் இப்படி வந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கால் வீங்குவதும் மூச்சு வாங்குவதும் சகஜம் என்று பத்தியச் சாப்பாடு போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். படுக்கவே முடியாமல் போன பிறகுதான் ராமநாதபுரம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளைப்பேற்றை ஒட்டி வருகிற இதயத் தளர்ச்சியாம். இப்போது பரவாயில்லை. அடுத்த பிள்ளை வேண்டும் என்றால் டாக்டரைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது, திரும்ப வரலாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் இருக்கிற வீடுகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடம் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. வார்டு அக்கா கேட்டதை எல்லாம் விசாரித்தேன். காய்ச்சல் எதுவும் இல்லை. பிரஷர் இல்லை. தைராய்டு பார்த்திருக்கிறார்கள், சரியாக இருக்கிறது. சேர்த்த அன்று துடிப்பு 90-ஐ ஒட்டித்தான்.

குடும்பத்தைப் பற்றி அப்பத்தாவிடம் கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை என்றது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சித்தப்பா 41 வயதில் வள்ளத்தில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து கரைக்கு உயிரில்லாமல்தான் வந்தார். மாரடைப்பு என்றுதான் இத்தனை நாள் எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் அவருக்கு நெஞ்சுவலி என்று எதுவுமே வந்ததில்லையாம், இரண்டு தடவை மயங்கி மட்டும் விழுந்திருக்கிறார். அப்புறம் அத்தை. அவருக்கு வலிப்பு என்று சொல்லி ஏர்வாடி வரை கூட்டிப் போயிருக்கிறார்கள். கடைசியில் ஒரு டாக்டர் இது வலிப்பே இல்லை என்று சொல்லி பேஸ்மேக்கர் வைத்தாராம். அப்போது அத்தைக்கு 44 வயது. இதை எங்கள் தலைமுறையில் யாருக்கும் சொல்லவே இல்லை. கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று மறைத்துவிட்டார்கள்.

வார்டு அக்கா:

தம்பி, இதுவரை எடுத்த எல்லாப் பரிசோதனையையும் விட அப்பத்தா சொன்னது பெரிய தகவல். இன்னொன்று பாருங்கள். அண்ணனுடைய முதல் இ.சி.ஜி. தாளை எடுங்கள், மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் எடுத்ததாக இருக்க வேண்டும், ஏனென்றால் சில மாத்திரைகளே இந்த அளவை மாற்றிவிடும். தாளின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் சில எண்கள் அச்சாகியிருக்கும். பி.ஆர். என்று போட்டு எதிரில் என்ன எண் இருக்கிறது என்று எழுதுங்கள்.

தங்கச்சிமடம் தம்பி:

பி.ஆர். 248 என்று இருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு மூன்று வரி ஆங்கிலத்தில் இருக்கிறது, மங்கிவிட்டது.

இதயப் பிரிவு மாணவன்:

அந்தத் தாளை இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள், அந்தக் காகிதத்தில் எழுத்து நாளாக நாளாக அழிந்துவிடும்.

பி.ஆர். 200-க்குள் இருக்க வேண்டும். மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போக எடுத்துக்கொள்ளும் நேரம் அது, மில்லிசெகண்டில். 248 என்றால் பாதை மந்தமாக இருக்கிறது. 39 வயதில் தளர்ந்த தசை, மந்தமான மின்பாதை, அதே ரத்தத்தில் 44 வயதில் பேஸ்மேக்கர் வைத்த அத்தை, 41 வயதில் திடீரென்று போன சித்தப்பா. நான் நோயாளியைப் பார்க்கவில்லை, அதனால் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சேர்க்கையைக் கேட்டால் எந்த இதய மருத்துவருக்கும் பரம்பரைக் காரணம், குறிப்பாக லேமின் என்கிற மரபணுவில் கோளாறு இருக்குமோ என்ற சந்தேகம் வர வேண்டும். சார்காய்டோசிஸிலும் மின்பாதை கெடும், அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள், ஆனால் அது இப்படி ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு வருவது அரிது.

லேமின் கோளாறில் விஷயம் என்னவென்றால், பம்ப் ரொம்பக் கெடுவதற்கு முன்னாலேயே ஆபத்தான துடிப்பு வந்து ஆள் சாயலாம். மற்றவர்களுக்கு மூன்று மாதமாவது மருந்து கொடுத்துப் பார்த்து, ஈ.எஃப். ஏறவில்லை என்றால்தான் ஆபத்தான துடிப்பு வந்தால் அதிர்ச்சி கொடுத்து நிறுத்துவதற்காக உடம்புக்குள் வைக்கிற ஐ.சி.டி. கருவி பற்றி யோசிப்பார்கள். இவர்களுக்குக் கணக்கே வேறு, சீக்கிரமே அந்தப் பேச்சு வரும். கடும் உடல் உழைப்பும் இதில் நோயை முடுக்கிவிடும். தொண்டிக்காரர் கேட்ட கேள்விக்கு இதுதான் நேரடியான பதில்: மாத்திரை அதேதான், ஆனால் காரணம் தெரியாமல் போனால் அண்ணன் அந்த மாத்திரையோடு கடலுக்குத் திரும்பிப் போவார்.

அடுத்து இதய எம்.ஆர்.ஐ. கேளுங்கள். கடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுப்பார்கள், தழும்பு இருக்கிற இடம் வெள்ளையாகத் தெரியும். அடைப்பால் வந்த தழும்பு உள்பக்கச் சுவரிலிருந்து தொடங்கும். வைரஸ் அழற்சி பெரும்பாலும் வெளிப்பக்கம். பரம்பரை வகைகளில் சுவரின் நடுவில் கோடு போட்டது போல இருக்கும். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் உள்ளே படுக்க வேண்டும், மூச்சை அடக்கச் சொல்வார்கள். அதனால் கால் வீக்கமும் மூச்சிரைப்பும் வடிந்த பிறகு போனால்தான் படம் ஒழுங்காக வரும். கிரியேட்டினின் முடிவை மறக்காமல் கையில் கொண்டுபோங்கள்.

பாம்பன் பாலத்தடி:

பரம்பரை என்றதும் ஒன்று கேட்க வேண்டும். தென்னிந்தியர்களுக்கு இதய நோய் மரபணு ஒன்று இருப்பதாகப் பத்திரிகையில் படித்தேன். அப்படியானால் நம் எல்லோருக்கும் இது வருமா?

இதயப் பிரிவு மாணவன்:

நீங்கள் படித்தது வேறு. எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும். 2009-ல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் வந்தது, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர்களும் அதில் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தில் நூறு பேரில் நாலு பேருக்கு அந்த மாற்றம் இருக்கிறது. அவ்வளவு பேருக்கும் நோய் வருவதில்லை, பெரும்பாலானவர்கள் கடைசிவரை ஒன்றும் இல்லாமலே வாழ்கிறார்கள். அதனால் ஜீன் டெஸ்ட் முடிவு வந்தால் காகிதத்தைப் பார்த்து நாமே பயப்படக் கூடாது, விளக்கத் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். சில முடிவுகள் "அர்த்தம் நிச்சயமில்லை" என்றே வரும்.

தொண்டிக் கரை:

நான் கேட்டதற்குப் பதில் கிடைத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடியை யாரும் பேசவில்லையே? அது காரணமே இல்லை என்று ஆகிவிடாதே.

வார்டு அக்கா:

பேச வேண்டியதுதான். குடியால் மட்டுமே இதயத் தசை கெடுவது உண்டு. அதற்குப் பொதுவாகச் சொல்கிற அளவு, தினமும் சுமார் 80 கிராம் ஆல்கஹால், அதுவும் ஐந்து வருடத்துக்கு மேல். ஒரு குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம் இருக்கும். ஆக, தினம் ஒரு குவார்ட்டரைத் தாண்டி வருஷக்கணக்கில் குடிக்கிறவர்களுக்குத்தான் அந்தப் பெயரைத் தைரியமாக எழுதலாம். அப்படிப்பட்டவர்களும் அடியோடு நிறுத்தினால் நன்றாகத் தேறுகிறார்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மீன் விற்ற அன்று மட்டும் குடிக்கிற ஆளைப் பார்த்து, கடல்காரன்தானே, குடியாகத்தான் இருக்கும் என்று எழுதிவிட்டால் அதோடு எல்லோரும் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். அத்தையின் பேஸ்மேக்கரை யார் கேட்கப் போகிறார்கள்? இதற்காக அண்ணன் குடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பிறவியிலேயே பலவீனமான தசைக்குச் சாராயம் கூடுதல் அடி, ஒரு சொட்டு கூட வேண்டாம். ஆனால் மதினியிடம் சொல்லுங்கள், இது அவர்கள் தட்டிக்கேட்காததால் வந்தது இல்லை என்று.

தங்கச்சிமடம் தம்பி:

கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன். அப்பத்தா சொன்னதை ஒரு தாளில் யார் யாருக்கு எந்த வயதில் என்ன என்று மரம் போல வரைந்து, பழைய இ.சி.ஜி. படத்தோடு வேறொரு இதய மருத்துவரிடம் காட்டினோம். அவர் அந்தத் தாளைத்தான் முதலில் பார்த்தார், எக்கோவைக் கூட அப்புறம்தான் பார்த்தார். எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது, இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவரின் மத்தியில் தழும்பு. ஹோல்டரில் கொஞ்ச நேரம் வேகமான துடிப்பு ஓடி நின்றிருக்கிறது. ஐ.சி.டி. வைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் போயிருக்கிறது. அண்ணனைப் படகுக்கு அனுப்ப வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். அண்ணனுக்கு அதுதான் பெரிய அடி, மாத்திரையோ ஊசியோ அவருக்குப் பொருட்டில்லை. துறையில் ஏலம் எடுத்துத் தருகிற வேலைக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கும் எடுத்தார்கள், இ.சி.ஜி., எக்கோ இரண்டும் சரி. தங்கச்சிக்கு எக்கோ சரி, ஆனால் பி.ஆர். 220. அவளுக்கு 33 வயது, ஒரு தொந்தரவும் கிடையாது. அடுத்து என்ன செய்ய வேண்டும்? அண்ணன் பிள்ளைகள் இருவருக்கும் வயது 12, 9, அவர்களுக்கும் பார்க்க வேண்டுமா?

வார்டு அக்கா:

தங்கச்சிக்கு ஹோல்டர் மாட்டச் சொல்லிக் கேளுங்கள், அதே மருத்துவரிடமே காட்டுங்கள், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. அண்ணன் பரிசோதனையில் மரபணுக் கோளாறு உறுதியானால், தங்கச்சிக்கும் உங்களுக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு. அது இல்லாதவர்கள் நிம்மதியாக இருக்கலாம், வருஷா வருஷம் எக்கோ எடுக்க வேண்டாம். இருந்தால் தொடர்ந்து கண்காணிப்பார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. பிள்ளைகளுக்கு இப்போது இ.சி.ஜி., எக்கோ போதும், மரபணுப் பரிசோதனையை எந்த வயதில் செய்வது என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். யாராவது ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கினால் ஒரு மணி நேரம் கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இதயப் பிரிவு மாணவன்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அண்ணனுக்கு ஈ.எஃப். ஏறினாலும் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். தேறிவிட்டார்கள் என்று தோன்றிய டி.சி.எம். நோயாளிகளுக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்த லண்டன் ஆய்வு ஒன்று உண்டு, நிறுத்தியவர்களில் பத்தில் நாலு பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. கருவாடும் ஊறுகாயும் குறைய வேண்டும். காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பார்த்து எழுதி வையுங்கள், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர்.

கீழக்கரையான்:

தம்பி, அத்தையின் பிள்ளைகளுக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டீர்களா?

தங்கச்சிமடம் தம்பி:

சித்தப்பா மகன் மூக்கையூரில் வள்ளத்தில் போகிறான், நேற்று நேரில் போய்ச் சொன்னேன். திங்கட்கிழமை இ.சி.ஜி. எடுக்க வருகிறான். அத்தை வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், இப்போது வேண்டாம் என்கிறார்கள். அப்பத்தா தானே வந்து சொல்கிறேன் என்றிருக்கிறது.